வேலைத்தலத்தில் காயமடைந்தால் எந்த வைத்தியரிடம் செல்வது?

வேலை செய்யும் இடத்தில் காயமடைந்த ஒருவருக்கு நட்டஈடு கிடைக்குமா, கிடைத்தாலும் எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் வைத்தியர் எழுதிவைக்கும் சில வரிகளில் தங்கியிருக்கிறது. இலங்கையில் இதற்கான சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். முதலாளி தவறு செய்தார் என்று நிறுவும்படி அது தொழிலாளியைக் கேட்பதில்லை. விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்தது என்பதும், அதனால் உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதும் தெளிவாக வேண்டும். இவ்விரண்டையும் தெளிவாக்குபவை வைத்தியப் பதிவுகளே. ஆகவே வைத்தியரைத் தெரிவு செய்யும்போது கைராசியை மட்டும் பார்த்தால் போதாது. பார்த்ததைப் பதிவு செய்பவராகவும், கேட்கும்போது அறிக்கை தருபவராகவும் அவர் இருக்க வேண்டும்.

முதல் சில மணித்தியாலங்களில் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்து, அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். யாழ். குடாநாட்டில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும், தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. தேவைப்பட்டால் ஆதார வைத்தியசாலையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு அவர்களே மாற்றி அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் சிகிச்சை இலவசம் என்பது மட்டுமல்ல. விபத்தில் காயமடைந்து விடுதியில் அனுமதிக்கப்படும் ஒருவரின் விபரம் வைத்தியசாலைப் பொலிஸாரிடமும் பதிவாகி, சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் வழங்கப்பட்டு, சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஒழுங்கு அங்கே இருக்கிறது. பின்னாளில் விசாரணை வந்தால், இரு தரப்பிலும் சாராத ஒருவர் எழுதிய அந்தக் குறிப்புக்கு உள்ள பெறுமதி வேறு. சிறிய காயம் என்று எண்ணிப் பக்கத்துத் தனியார் மருத்துவ நிலையத்தில் தையல் போட்டிருந்தாலும், அன்றோ மறுநாளோ அரச வைத்தியசாலைக்கும் சென்று காட்டுங்கள்.

அங்கே முதலில் எழுதப்படுவது, காயம் எப்படி ஏற்பட்டது என்பது. இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் அதிகம் இழக்கிறார்கள். மரக்காலையில் வாள் பட்டு விரல் போனவரிடம், அல்லது சாரத்திலிருந்து விழுந்த மேசனிடம், “மோட்டார் சைக்கிளால விழுந்தது எண்டு சொல்லு, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்று கூட வந்தவர் சொல்லிக்கொடுப்பார். வேலை போய்விடும் என்ற பயத்திலும், முதலாளி தெரிந்தவர், உறவுக்காரர் என்ற முகத்தாட்சண்யத்திலும் காயப்பட்டவரும் அப்படியே சொல்லிவிடுவார். முதல் பதிவில் வீதி விபத்து என்று எழுதப்பட்டுவிட்டால், பிறகு அதை வேலை விபத்து என்று மாற்றி நம்பவைப்பது மிகவும் கடினம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த இயந்திரத்தில், யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தபோது காயமடைந்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லி, அதை எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். நீங்கள் பேசும் நிலையில் இல்லாவிட்டால், உடன் செல்லும் மனைவியோ சகோதரரோ இதைச் சொல்ல வேண்டும். முதலாளியின் ஆளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டார் பின்தங்கி நிற்கக்கூடாது.

அடுத்து வருவது, முதலாளி சொல்லும் வைத்தியரிடம்தான் போக வேண்டுமா என்ற கேள்வி. சட்டம் இதில் இரண்டு விடயங்களை வேறு வேறாக வைத்திருக்கிறது. பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பரிசோதனை. நீங்கள் விபத்தை அறிவித்த பின், தன் செலவில் ஒரு தகுதிபெற்ற வைத்தியரைக் கொண்டு உங்களைப் பரிசோதிக்கத் தொழில்தருநருக்கு உரிமை உண்டு. அதற்கு நீங்கள் உடன்பட வேண்டும். நியாயமான காரணமின்றி மறுத்தால், மறுக்கும் காலம் முழுவதும் நட்டஈட்டு உரிமை இடைநிறுத்தப்படும். மற்றையது சிகிச்சை. தொழில்தருநர் இலவசமாக ஏற்படுத்திக்கொடுக்கும் வைத்தியரிடம் சிகிச்சை பெற மறுப்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் வேறு தகுதிபெற்ற வைத்தியரிடமும் ஒழுங்காகச் சிகிச்சை பெறாமல், அதனால் காயம் மோசமாகியிருந்தால், ஒழுங்கான சிகிச்சை கிடைத்திருந்தால் காயம் எந்த நிலையில் இருந்திருக்குமோ அந்த நிலைக்குரிய நட்டஈடே கணக்கிடப்படும். சுருங்கச் சொன்னால், அவருடைய வைத்தியர் பார்க்கட்டும், உங்கள் வைத்தியர் சிகிச்சை அளிக்கட்டும். உங்கள் வைத்தியரிடம் தவணை தவறாமல் செல்லும் பொறுப்பு உங்களுடையது. முதலாளியின் வைத்தியர் பரிசோதிக்கும் நாளில் உங்கள் பதிவுகளின் பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள். மூலப் பத்திரங்களை ஒருபோதும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சிகிச்சைக்கான வைத்தியரைத் தெரிவு செய்யும்போது, அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்பது முதல் கேள்வி. அதன் பின் காயத்துக்கு உரிய துறை. எலும்பு முறிந்தால் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர், இரும்பு ஒட்டும்போது (வெல்டிங்) கண்ணில் துகள் பட்டால் கண் வைத்திய நிபுணர் என்று அந்தந்த நிபுணரிடமே சேர வேண்டும். கண் உறுத்துவதற்குச் சொட்டு மருந்தை மட்டும் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்துவது பார்வையையே பறிக்கக்கூடும். மூன்றாவது, உங்களால் அவரிடம் தொடர்ந்து போய்வர முடியுமா என்பது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் வரை படகில் வந்து பிறகு பஸ் பிடிக்க வேண்டிய ஒருவருக்கு, கிளினிக் நாளும் நேரமும் வைத்தியரின் பெயரைவிட முக்கியமாகலாம்.

அரச வைத்தியசாலை நிபுணர்கள் பலரை மாலையில் தனியார் வைத்தியசாலைகளில் சனல் பண்ணியும் பார்க்கலாம். விரைவாக ஒரு கருத்து அறிய அது உதவும். ஆனால் தனியாரில் கிடைக்கும் துண்டுச்சீட்டில் மருந்தின் பெயர்தான் இருக்கும். அரச வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியில் வருகை, பரிசோதனை, முன்னேற்றம் எல்லாம் திகதிவாரியாக இருக்கும். சனல் பண்ணிப் பார்த்தாலும் அரச வைத்தியசாலையில் அவருடைய கிளினிக்கிலும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். தனியார் வைத்தியசாலைக்கு முதலாளி அழைத்துச் சென்றால், செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

முறிவு நெரிவு வைத்தியம் எங்கள் மண்ணில் தலைமுறைகளாக வாழும் ஒன்று. அதை நம்பிப் போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நட்டஈடு கோரும் நோக்கமிருந்தால் ஒரு வரிசையைப் பின்பற்றுங்கள். எக்ஸ்ரே எடுத்து, எந்த எலும்பு எப்படி முறிந்தது என்பதை வைத்தியசாலையில் பதிவுசெய்த பின்னரே பத்துக் கட்ட (மூலிகைக் கட்டுப் போட) செல்லுங்கள். சென்றாலும் கிளினிக்கைக் கைவிடாமல், இரு இடத்திலும் மற்றதைச் சொல்லிவிடுங்கள். கிளினிக்குக்கு வராத மாதங்களைக் காட்டி, “இவர் சிகிச்சை பெறவில்லை” என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது பத்துக் கட்டியவர் எழுதிய பதிவு எதுவும் இல்லாமல் நீங்கள் நிற்கக்கூடாது. திறந்த காயம், விறைப்பு, விரல் நிறம் மாறுதல் இருந்தால் வைத்தியசாலையைத் தவிர வேறெங்கும் போகவே வேண்டாம்.

வைத்தியரின் அறைக்குள் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. வலியைச் சொல்வதோடு தொழிலையும் சொல்லுங்கள். “கை வலிக்கிறது” என்பதைவிட, “நான் மேசன், வலக்கையால் கரண்டி பிடிக்க முடியவில்லை, சீமெந்துப் பை தூக்க முடியவில்லை” என்பது வைத்தியருக்கும் உதவும், அறிக்கையிலும் இடம்பெறும். ஓய்வுக்கான வைத்தியச் சான்றிதழ்களில் திகதிகள் இடைவெளியின்றித் தொடர வேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை வழங்க வேண்டிய கொடுப்பனவு அந்தத் திகதிகளை வைத்தே கணக்கிடப்படும். விடுதியை விட்டு வெளியேறும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையில் பெயரும் திகதியும் அடையாள அட்டையோடு பொருந்துகின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

நிரந்தர இயலாமை எவ்வளவு என்ற மதிப்பீட்டுக்கு அவசரப்படாதீர்கள். காயம் ஆறி, இயன்மருத்துவப் பயிற்சியும் முடிந்து, இனி முன்னேற்றமில்லை என்று உங்கள் நிபுணர் சொல்லும் கட்டத்தில்தான் அது சரியாக அமையும். சட்டத்தின் அட்டவணையில் குறிப்பிட்ட இழப்புகளுக்கு வீதங்கள் தரப்பட்டுள்ளன. அதில் இல்லாத காயங்களுக்கு வைத்தியரின் மதிப்பீடே அடிப்படையாகும். மதிப்பீடு முடியும் முன்பே முதலாளி தரப்பினர் ஒரு தொகையைக் கையில் வைத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்க முயல்வார்கள். சட்டப்படியான நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது. உண்மையான இணக்கம் என்றால் அது வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, விபத்தை எழுத்து மூலம் முதலாளிக்கு அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நாட்கூலி, கொந்தராத்து என்பதால் தயங்க வேண்டாம். கொந்தராத்துக்காரரின் கீழ் வேலை செய்தவருக்கு, அந்த வேலையைக் கொடுத்த பிரதான தொழில்தருநரும் பொறுப்பாளியாகலாம். காயமடைந்தவர் மூன்று நாட்களுக்கு மேல் உழைக்க முடியாமல் போனால், தொழிற்சாலை உரிமையாளர் அதைத் தொழில் திணைக்களத்தின் பரிசோதகப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் விதி. அவர் அறிவிக்கவில்லை என்று தெரிந்தால், நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, சான்றிதழ்கள், சம்பளத்துக்கான ஆதாரம் ஆகியவற்றின் பிரதிகளுடன் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு நேரில் சென்று முறையிடுங்கள். நட்டஈட்டு விண்ணப்பம் பற்றியும் அங்கேயே கேட்டறியுங்கள்.