வெனிஸ் ஃப்ளோரியன்ல காபி குடிக்கணுமா, நின்னுக்கிட்டே குடிங்க

வெனிஸ் போறவங்க 1720ல தொறந்த கஃபே ஃப்ளோரியன்ல வெளிய போட்டிருக்கிற டேபிள்ல உக்காராம, உள்ள பார் கவுன்ட்டர்ல நின்னு ஒரு எஸ்பிரஸ்ஸோ சொல்லுங்க, செலவு நல்லாவே கொறையும். இத்தாலில நின்னு குடிக்க ஒரு ரேட்டு, உக்காந்தா வேற ரேட்டு, அதுலயும் ஃப்ளோரியன் இருக்கிற சான் மார்கோ சதுக்கத்துல வாத்தியக் குழு வாசிக்கும்போது வெளிய உக்காந்தா மியூசிக்குக்குன்னு ஆளுக்குத் தனியா பில்லுல ஏறும். சின்ன கப்புல ரெண்டு மூணு மடக்குதான, உள்ளூர்க்காரங்களும் நின்னுதான் குடிப்பாங்க.

ஆனா ஃப்ளோரியன் உள்ள ஓவியம் தீட்டின அந்தப் பழைய ரூம்ல உக்காந்து பாக்கணும்னு ஆசைன்னா காசு குடுத்தே உக்காருங்க, தகும். வியன்னால 1876ல ஆரம்பிச்ச கஃபே சென்ட்ரல் மாதிரி எடத்துல இந்த நின்னு குடிக்கிற யோசனை செல்லாது, அங்க உக்காந்து நிதானமா குடிக்கிறதுதான் வழக்கம், தட்டுல காபியோட ஒரு கிளாஸ் தண்ணியும் வரும்.