கார் முன் கண்ணாடி மாற்றுகிறீர்களா? பசையைக் கவனியுங்கள்

அம்பாசடர் காலத்தில் முன் கண்ணாடியைப் பிடித்திருந்தது ரப்பர் பீடிங். அதன் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிவிட்டு, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டிக் கொடுக்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுப்பார். ரப்பர் விளிம்பு தகரத்தைக் கவ்விக்கொள்ளும். முடிந்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இப்போது அப்படி இல்லை. கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசை பாடியோடு சேர்த்துப் பிடிக்கிறது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் இந்தக் கண்ணாடிக்கும் பங்குண்டு. பல கார்களில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்பும். பசை விட்டுக்கொடுத்தால் கண்ணாடி வெளியே போய்விடும், ஏர்பேக்குக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது.

“சிலிக்கான் வெச்சா போதும் சார், ஒரு சொட்டு தண்ணி வராது” என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சிலிக்கான் தண்ணீரைத் தடுக்கும், கண்ணாடியைத் தாங்காது. போதாக்குறைக்கு, அது பட்ட இடத்தில் பிறகு சரியான பசையும் பிடிக்காது. டேஷ்போர்டு பாலிஷ் துடைத்த துணியால் கண்ணாடி ஓரத்தைத் துடைப்பதும் அதே வம்புதான், பல பாலிஷ்களில் சிலிக்கான் இருக்கிறது. துடைத்து முடித்த ஓரத்தை வெறும் விரலால் தொடக்கூடாது.

பழைய பசையைத் தகரம் தெரியும்வரை சுரண்டுவதைச் சிலர் சுத்தமான வேலை என்று நினைக்கிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சீவ வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பசைமேல்தான் புதியது நன்றாகப் பிடிக்கும். பிளேடு பட்டுப் பெயிண்ட் கீறினால் அங்கே பிரைமர் தடவ வேண்டும். என் பழைய காரில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து டேஷ்போர்டு ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், பசைக்கு அடியில் தகரம் அப்பளமாக உதிர்ந்தது.

பசைக் குழாயின் காலாவதித் தேதியைப் பாருங்கள். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும், தயாரிப்பாளர் தரும் விவரத்தில் இருக்கும். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். சென்னைப் புழுக்கத்தால் நடக்கும் ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும்! ஆனால் ஒட்டும் பரப்பு நனைந்திருக்கக் கூடாது, ஆகவே மழையில் தெருவோரம் வைத்து மாற்ற வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நாம் செய்யும் தவறு, எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுக் கதவை அறைந்து சாத்துவது. உள்ளே அடைபட்ட காற்று, இறுகாத பசையைத் தள்ளிவிடும். ஒரு நாள் ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தே வையுங்கள். ஓரத்தில் ஒட்டிய டேப்பையும் உடனே பிய்க்காதீர்கள். பிரஷர் வாட்டர் வாஷ் இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால், மாற்றிய பிறகு அதைக் கேலிபரேட் செய்ய, அதாவது சரியான கோணத்தில் பார்க்கும்படி அளவு சரிசெய்ய, வேண்டியிருக்கும். பில்லில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இன்சூரன்ஸில் வாங்குவதாக இருந்தால், கழற்றுவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஃபாஸ்டேக். உரித்தால் கிழிந்துவிடும், பழைய கண்ணாடியோடு போனது போனதுதான். டோல்கேட் வரிசையில் நிற்கும்போது ஞாபகம் வந்தால் கூடுதலாகக் கட்ட வேண்டியதுதான்.