இரண்டு விஎம்களுக்கும் ஒரே மேக் முகவரியா? சரிசெய்வது இப்படி

ஒரே பிரிட்ஜில் (மென்பொருளாலான நெட்வொர்க் ஸ்விட்ச்) இரண்டு கியூஎமு விஎம்களை, அதாவது கியூஎமு என்ற மென்பொருள் ஓட்டும் மெய்நிகர் கணினிகளை, இணைத்திருந்தேன். ஒன்று மட்டும் ஓடும்போது எல்லாம் நன்றாக இருக்கும், இரண்டாவதைக் கிளப்பியதும் பிங் விட்டுவிட்டு வரும், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் இணைப்பு) பாதியில் உறைந்து நிற்கும். ஃபயர்வால், டிஎச்சிபி (ஐபி முகவரி தரும் சேவை) என்று ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகுதான் இரண்டுக்கும் மேக் முகவரி ஒன்றே என்று தெரிந்தது.

மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், 48 பிட். நிஜக் கார்டு என்றால் தயாரிக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். விஎம்மில் அதைக் கொடுப்பது மென்பொருள். கியூஎமுவிடம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் முதல் கார்டுக்கு எப்போதும் 52:54:00:12:34:56 தான், தனித்தனியாகப் பத்து விஎம் கிளப்பினால் பத்துக்கும் அதேதான். எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பிரிட்ஜ் ஒரு பட்டியல் வைத்திருக்கும். இரண்டு பக்கமிருந்தும் அதே எண் வந்தால் கடைசியாகப் பேசிய பக்கத்துக்கே பாக்கெட்டைத் தள்ளும், அதனால்தான் விட்டுவிட்டு வேலை செய்கிறது. பிரிட்ஜ் இல்லாமல் கியூஎமுவே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் யூசர் மோடில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனி நெட்வொர்க் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே வெளியே தெரியாது.

சரி, முதலில் உறுதிசெய்து கொள்ளுங்கள். இரண்டு விஎம்களுக்குள்ளும் போய் 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுத்து, 'லிங்க்/ஈதர்' என்ற சொல்லுக்கு அடுத்துள்ள எண்களை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் இதுதான் காரணம்.

அப்புறம் இரண்டையும் நிறுத்திவிட்டு, கியூஎமு கட்டளையில் நெட்வொர்க் கார்டைச் சொல்லும் 'டிவைஸ்' பகுதியின் கடைசியில் ஒரு கமா, அதன்பின் 'மேக்', சமக்குறி, புது முகவரி என்று சேர்த்துவிடுங்கள். 52:54:00 என்ற தொடக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி மூன்று ஜோடிகளை மட்டும் மாற்றுவது நல்லது, உதாரணமாக ஒன்றுக்கு 52:54:00:10:20:01, இன்னொன்றுக்கு 52:54:00:10:20:02. தொடக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதல் ஜோடி ஒற்றைப்படையாக இருக்கவே கூடாது, அது மல்டிகாஸ்ட்டுக்கு (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதற்கு) உரியது, கார்டுக்கு வைக்க முடியாது. எந்த விஎம்முக்கு எந்த எண் என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் வேலை எளிது. குளோன் (விஎம்மின் நகல்) எடுக்கும் திரையில் மேக் முகவரிக் கொள்கை என்ற தேர்வு வரும், அதில் எல்லாக் கார்டுகளுக்கும் புது முகவரி உருவாக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குளோன் எடுத்தாகிவிட்டதா? விஎம்மை அணைத்துவிட்டு, நெட்வொர்க் அமைப்பில் மேக் முகவரிக்குப் பக்கத்திலுள்ள சுழல் அம்புக்குறியை அழுத்தினால் போதும்.

விஎம்மைத் திரும்ப ஆன் செய்ததும் நெட்வொர்க்கே வரவில்லை என்றால், உள்ளே நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) பழைய மேக் முகவரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயும் மாற்றுங்கள்.

மேக் வேறுவேறாகியும் இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறதா? உபுண்டு சர்வர் குளோன்களில் இது நடக்கும். அங்கே டிஎச்சிபி கேட்கும்போது மேக் முகவரியைக் காட்டாமல், 'மெஷின் ஐடி'யிலிருந்து (ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) உருவான அடையாளத்தைக் காட்டுகிறது, அது குளோனோடு சேர்ந்தே நகலாகிவிடும். குளோனில் 'இடிசி' அடைவில் இருக்கும் மெஷின் ஐடி கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள், கணினி கிளம்பும்போது ஓடும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். கடைசியாக இரண்டு விஎம்களையும் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டுக்கும் ஐந்து நிமிடம் பிங் கொடுத்து, இடையில் ஒரு பாக்கெட்டும் தவறவில்லையா என்று பாருங்கள்.