வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு ஜோடியாகப் போகிறீர்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக முதல்முறை வெளிநாடு போகும் கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் நீங்கள் இருவரும் ஒன்று. விசா அலுவலகத்திலும் விமான நிலையத்திலும் நீங்கள் இரண்டு தனி ஆட்கள். எங்கே சேர்ந்து நிற்க வேண்டும், எங்கே தனித்தனியாகத் தயாராக வேண்டும் என்பது பிடிபட்டால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

படி 1: கல்யாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சுற்றுலா என்றால் தேதியைத் தள்ளிப் போடலாம். கல்யாணத் தேதி நமக்காகக் காத்திருக்காது. காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னால் வாருங்கள். ஊர் போய்ச் சேர்வது குறைந்தது மூன்று நாள் முன்பாக இருக்கட்டும். விமானம் தாமதமானாலோ பெட்டி வராமல் போனாலோ சமாளிக்க அந்த நாட்கள் வேண்டும். நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழகவும் வேண்டும். மேற்கே போவதைவிடக் கிழக்கே போகும்போது தூக்கம் ஒழுங்குக்கு வர அதிக நாள் பிடிக்கும்.

அதற்கும் பின்னால் விசா. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை ஆகலாம். ஆகவே கடைசிக் கெடுவை நம்பி இருக்காதீர்கள். கல்யாணப் பேச்சு உறுதியான வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளில் நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அதோடு அது கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஒருவருடையது சரியாக இருந்து இன்னொருவருடையது காலாவதி நெருங்கியிருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர்களும், குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் வைத்திருப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். ஒற்றைப் பெயரை ஏற்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறும். டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

படி 3: விசாவுக்கு இரண்டு கோப்பு

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. ஜோடிக்கு ஒரே விசா என்று எதுவும் கிடையாது. அமெரிக்காவுக்கு டிஎஸ்-160 படிவத்தை இருவரும் தனித்தனியாகத்தான் நிரப்ப வேண்டும். எனவே வீட்டில் இரண்டு கோப்பு போடுங்கள். ஒவ்வொன்றிலும் பாஸ்போர்ட் நகல், வேலை அல்லது தொழில் ஆதாரம், வங்கிக் கணக்கு விவரம், கல்யாணப் பத்திரிகை, சொந்தக்காரரின் அழைப்புக் கடிதம் இருக்கட்டும்.

அழைப்புக் கடிதத்தை "அன்புடன் வாருங்கள்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். அழைப்பவர் யார், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த முகவரியில் தங்குவீர்கள், செலவு யாருடையது என எல்லாமே அதில் வர வேண்டும். கூடவே அவருடைய குடியிருப்பு அனுமதியின் நகல். ஜெர்மனியில் இருப்பவர் உங்கள் செலவைத் தானே ஏற்பதாக இருந்தால் கடிதம் மட்டும் போதாது. அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் முறையான உறுதிப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாப்பிள்ளை உங்கள் அக்கா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ரத்த உறவு. உங்கள் துணைக்கு அந்த உறவு உங்கள் வழியாக வந்தது. அதைக் காகிதத்தில் காட்டுவது உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ்தான். அது இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். தேவைப்படும் நாடுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள்.

ஒருவருக்கு விசா கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமலும் போகலாம். அப்படி வந்தால் ஒருவர் மட்டும் போவதா, இருவரும் நிற்பதா என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சு மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் முடிவு கைக்கு வந்த அன்று பேசுவதைவிட இப்போது பேசுவது நல்லது.

படி 4: டிக்கெட்டும் காப்பீடும்

விசா வரும் வரை, தேதி மாற்றக்கூடிய அல்லது பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் மட்டும் எடுங்கள். இருவருக்கும் ஒரே முன்பதிவு எண்ணில் எடுப்பது நல்லது. இணைப்பு விமானம் தவறினால் பெரும்பாலும் இருவரையும் சேர்த்தே மாற்றிக் கொடுப்பார்கள். வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போனாலும் அங்கே குடிநுழைவுச் சோதனை உண்டு, அதற்கான அனுமதியும் வேண்டும்.

14ஆம் தேதி இரவு 12.30 மணி விமானம் என்றால், 13ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மற்ற நாடுகளுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

படி 5: பெட்டிகளைக் கலந்து அடுக்குங்கள்

எங்கள் முதல் பயணத்தில் இருவரின் கல்யாண உடையும் ஒரே பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. கல்யாண மண்டபத்தில் இரவல் உடையில் நின்ற அந்த மாலை என் மனைவி கலங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: கல்யாண உடை ஒரு ஜோடி கைப்பையில், கூடவே வரும். மற்றவற்றில் அவள் துணியில் பாதி என் பெட்டியில், என் துணியில் பாதி அவள் பெட்டியில்.

நகை, மருந்து, ஆவணங்கள், பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான். பவர் பேங்கையும் தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரியையும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. மருந்தை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரை இன்னொரு நாட்டில் கட்டுப்பாட்டில் இருக்கலாம்.

பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே போகும் முன்பே புகார் எழுதி, எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியால் உடன்படிக்கைப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இடையில் வாங்கிய அவசிய உடைக்கு ரசீது வையுங்கள்.

படி 6: மொய்ப்பணமும் சுங்கமும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும்போது 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும்; இது ஆளுக்கு ஆள் கணக்கு. அமெரிக்காவில் ஒரே வீட்டில் வாழும் குடும்பம் கூட்டாக அறிக்கை கொடுத்தால் இருவர் கையில் இருப்பதையும் கூட்டிப் பார்ப்பார்கள்; 10,000 டாலரைத் தாண்டினால் சொல்லியாக வேண்டும். அங்கே பணத்தோடு நுழைவது குற்றமில்லை, சொல்லாமல் நுழைவதுதான் குற்றம்.

படி 7: குடிநுழைவு மேசையில்

எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், யார் கல்யாணம் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டாலும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும். முகவரியும் தொலைபேசி எண்ணும் இருவர் பையிலும் தாளில் இருக்கட்டும். போனில் சார்ஜ் தீர்ந்துபோகலாம்.

படி 8: உறவுகளோடு இருக்கும் நாட்கள்

கல்யாண வீட்டில் உங்களுக்கு எல்லோரையும் தெரியும். உங்கள் துணைக்கு யாரையும் தெரியாது. பெயர்கள் ஒருபுறம், மொழி ஒருபுறம், எல்லோரும் சிரிக்கும் பழைய கதைகள் ஒருபுறம். கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து குடும்பப் படங்களைக் காட்டி, யார் யாருக்கு என்ன உறவு, எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கூட்டத்தில் களைத்துவிட்டால் வெளியே போக இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் அந்த வீட்டில் மூச்சுவிட நேரம் இருக்காது. முடிந்தால் அதுவரை பக்கத்தில் அறை எடுத்துத் தங்குங்கள். நிம்மதியாக உட்கார்ந்து பேசும் நாட்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும். அப்போது வீட்டுக்கு மாறுங்கள். திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப நான்கைந்து நாள் தள்ளி எடுங்கள்.

படி 9: திரும்பும் பெட்டி

கிளம்பும் நாளில் யாராவது ஒரு பார்சலைக் கொடுத்து, "இதை ஊரில் சேர்த்துவிடுங்கள்" என்பார்கள். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் பிரித்துப் பார்த்துவிட்டே பெட்டியில் வையுங்கள். "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். ஆம் என்று நீங்கள் இருவரும் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும்.