டயாப்லோ 4: கிளாஸைத் தேர்வதற்கு முன் இணைப்பைப் பாருங்கள்

2023இல் வெளியான டயாப்லோ 4 என்ற வீடியோ கேமைப் புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பது, எந்தக் கிளாஸ், அதாவது எந்த வகைக் கதாபாத்திரம், நல்லது என்றுதான். திருகோணமலையில் இருந்து விளையாடுகிறீர்கள் என்றால் உங்கள் இணைப்பு எப்படி என்று நான் திருப்பிக் கேட்பேன். தனியாக விளையாடினாலும் இந்தக் கேமுக்கு எப்போதும் இணையம் வேண்டும். இரவில் வீட்டில் எல்லோரும் ஃபோனும் கையுமாக இருக்கிற நேரம் லேக், அதாவது இணைப்பு மந்தமாகி ஆட்டம் பிந்துவது, வரத்தான் செய்யும்.

முதலில் வந்த ஐந்து கிளாஸ்களில் லேக்கால் அதிகம் அடிபடுவது மந்திரம் வீசும் சோர்சரரும், வில்லும் கத்தியும் ஏந்தும் ரோக்கும். அடி விழுமுன் விலகித் தப்புவதுதான் அவர்களுடைய ஆட்டம். அரை நொடி பிந்தினால் கதை முடிந்தது. நெக்ரோமான்சருக்கு அந்தக் கவலை குறைவு. எலும்புக்கூட்டுப் படை முன்னால் நின்று அடி வாங்கும், நாம் பின்னால் நிற்கலாம். சோம்பேறி ஆட்டம் என்று பெடியள் கேலி செய்வார்கள், செய்யட்டும். பார்பேரியன் நாலு ஆயுதங்களோடு கம்பீரம்தான், ஆனால் பெரும்பாலும் கிட்டப் போய்த்தான் அடிக்க வேண்டும். கரடியாகவும் ஓநாயாகவும் மாறும் ட்ரூயிட் தொடக்கத்தில் கொஞ்சம் மந்தம்.

அதற்காக முதல் ஒரு மணி நேரத்தை வைத்து எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். திறன்களுக்குச் செலவிட்ட புள்ளிகளைக் கேமுக்குள் சேரும் தங்கத்தைக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். லெவல் குறைவாக இருக்கும்போது செலவும் குறைவு, பரிசோதனை எல்லாம் அப்போதே செய்துவிடுங்கள்.

ஹார்ட்கோர் என்ற ஆட்ட முறை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதில் செத்த கதாபாத்திரம் திரும்ப வராது. இணைப்பு அறுந்து செத்தாலும் அதே கணக்குத்தான்.