ஆஸ்ட்ரோ பாய் ஒமேகா ஃபாக்டர்: பாதியிலேயே நிறுத்திவிடாதீர்கள்

நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்த அனிமே கேம்களில் எதை விளையாடலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஆஸ்ட்ரோ பாய்: ஒமேகா ஃபாக்டர்தான். ஒரு வாரம் கழித்து விசாரித்தால் பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "முடிச்சுட்டேன், நல்லா இருந்தது, ஆனா கடைசி ரொம்ப சோகம்." அதைக் கேட்டதும் எனக்கு மனசு பதறும், ஏனென்றால் அவர்கள் கேமை முடிக்கவே இல்லை, அதன் சிறந்த பாதி இன்னும் அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

இந்த கேமில் நடக்கிற பெரிய தவறு இதுதான் என்பதால் முதலில் இதையே சொல்லிவிடுகிறேன். கதை 'பிறப்பு', 'மறுபிறப்பு' என்று இரண்டு பகுதிகள். பிறப்பு நேர்கோட்டில் போகும், ஒரு கட்டம், அடுத்த கட்டம், பாஸ் என்கிற பெரிய எதிரி, மறுபடி அடுத்த கட்டம். அதன் கடைசியில் ரோபோக்களுக்கு ஒரு பெரிய அழிவு வரும். எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றும், கையிலிருப்பதைக் கீழே வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஃபீனிக்ஸ் பறவை வந்து, நாம் ஆட்டுவிக்கிற ரோபோ சிறுவன் ஆஸ்ட்ரோவுக்குக் காலத்தில் பின்னால் போகும் வரத்தைத் தரும். ஏற்கெனவே ஓடிக் கடந்த கட்டங்களுக்கே திரும்பிப் போய், அப்போது காப்பாற்ற முடியாதவர்களைக் காப்பாற்றி, யாரிடம் என்ன பேசியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, நடந்ததை மாற்றுவதுதான் இரண்டாம் பகுதி. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அடுத்த தவறு இதோடு ஒட்டிப் பிறந்தது, வசனங்களைத் தட்டித் தட்டித் தள்ளிவிடுவது. சண்டை கேம்தானே, யார் என்ன பேசினால் என்ன என்று பட்டனை அழுத்திக்கொண்டே போனால் முதல் பகுதியில் ஒன்றும் ஆகாது. மறுபிறப்பில் அப்படியே மாட்டிக்கொள்வீர்கள். எந்தக் காலத்துக்கு, எந்த இடத்துக்கு, யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்ற துப்பு எல்லாம் அந்த இரண்டு மூன்று வரிப் பேச்சுக்குள்தான் இருக்கும். எங்கே போவதென்றே தெரியவில்லை, கேம் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பேச்சைப் படிக்காமல் தாண்டியவர்கள். இதனால்தான் ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் விலை குறைவு என்று ஜப்பான் கார்ட்ரிட்ஜை (கருவியில் செருகுகிற கேம் பெட்டியை) வாங்க வேண்டாம் என்கிறேன். கேம் பாய் அட்வான்ஸில் நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த ஊர் கார்ட்ரிட்ஜும் எந்தக் கருவியிலும் ஓடும், ஆனால் ஓடுவது வேறு, புரிந்து விளையாடுவது வேறு.

சரி, சண்டைக்கு வருவோம். இதைச் செய்தது ஹிட்மேக்கர், ட்ரெஷர் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து. சேகா 2003 டிசம்பரில் ஜப்பானிலும் 2004 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் வெளியிட்டது. ட்ரெஷர்காரர்கள் கன்ஸ்டார் ஹீரோஸ் என்ற கேமைச் செய்தவர்கள், திரை நிறைய எதிரிகளைக் கொட்டுவது அவர்கள் கைவழக்கம். அதனால் ஒரே இடத்தில் நின்று குத்திக்கொண்டே இருந்தால் செத்துப்போவீர்கள். புதிதாக விளையாடுகிறவர் அப்படித்தான் நிற்பார்: இடது பக்கம் இரண்டு ரோபோ, வலது பக்கம் மூன்று, நடுவில் ஆஸ்ட்ரோ, ஒருவனை அடிக்கும்போது முதுகில் இன்னொருவன் அடி. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒருவனை மேலே தூக்கி அடித்து, கூடவே குதித்து, காற்றிலேயே ஆஸ்ட்ரோவின் கால் ஜெட்டைப் போட்டுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்குங்கள், இப்போது ஐந்து பேரும் ஒரே திசையில் உங்கள் முன்னால் நிற்பார்கள். ஜெட் என்பது பள்ளம் தாண்டுவதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே, கீழே, பக்கவாட்டில், சாய்வாக என்று எந்தப் பக்கமும் பாயலாம், பாஸ் சண்டைகளில் தப்பிக்கிற வழியும் அதுதான். எத்தனை முறை அடுத்தடுத்துப் பாய முடியும் என்பது ஜெட் சக்தியை எவ்வளவு கூட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சிறப்புத் தாக்குதல்களைக் கஞ்சத்தனமாகப் பூட்டி வைப்பதும் தவறு. கையே பீரங்கியாகி ஒரு பெரிய கற்றையை விடும், இடுப்புக்குப் பின்னால் இருக்கிற இயந்திரத் துப்பாக்கி திரையில் இருக்கிற எல்லோரையும் துளைக்கும் (சின்ன வயதில் ஆஸ்ட்ரோ பாய் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்). பாஸுக்காக எடுத்து வைக்கிறேன் என்று சேர்த்துக்கொண்டே போய், பாஸ் வருவதற்குள் செத்து, சேர்த்தது வீணாவதைத்தான் நிறையப் பார்க்கிறேன். அடித்து விளையாட விளையாட அது மறுபடி சேரும். கூட்டம் நெரித்தால் போட்டுவிடுங்கள்.

அப்புறம், சக்தியைக் கூட்டுவது. இந்த கேமில் காசு கிடையாது, அனுபவப் புள்ளி கிடையாது. ஒரு புதிய ஆளைச் சந்தித்து அவர் யார் என்று ஆஸ்ட்ரோ புரிந்துகொண்டால் அவர் ஒமேகா ஃபாக்டர் என்ற பட்டியலில் பதிவாவார், அப்போது ஏதாவது ஒரு சக்தியைக் கூட்டிக்கொள்ளலாம். அதாவது, நீங்கள் எத்தனை பேரை அறிந்துகொண்டீர்கள் என்பதுதான் உங்கள் பலம். எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு வேறெந்த சண்டை கேமிலும் கண்ணில் பட்டதில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், சிலர் கதை வழியிலேயே வருவார்கள், சிலர் ஒளிந்திருப்பார்கள். எல்லோரும் கிடைக்கிற வாய்ப்புகளைக் குத்துக்கும் லேசருக்கும் போட்டுவிட்டு சென்சாரை அப்படியே விட்டுவிடுவார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் விளையாடினேன். ஒளிந்திருப்பதை உணர்கிற சக்தியே அதுதான். அதைக் கொஞ்சமாவது முன்கூட்டியே ஏற்றினால் ஆட்கள் கிடைப்பார்கள், ஆட்கள் கிடைத்தால் மற்ற சக்திகள் தானாக ஏறும்.

பதிவாகிறவர்களைப் பற்றிய குறிப்பையும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். ஆஸ்ட்ரோ பாயைப் படைத்த ஒசாமு தெசுகா தன் பாத்திரங்களை நடிகர்களைப் போல வைத்திருந்தவர், ஒரு கதையில் வில்லனாக வந்தவர் இன்னொன்றில் வேறு வேடத்தில் வருவார். அந்த வழக்கத்தை இந்த கேம் அப்படியே எடுத்துக்கொண்டது. மருத்துவர் பிளாக் ஜாக், நெற்றிக்கண் உள்ள ஷராகு, ஃபீனிக்ஸ் எல்லோரும் வேறு தெசுகா கதைகளிலிருந்து வந்தவர்கள். 2003-ல் வந்த தொலைக்காட்சித் தொடரை ஒட்டிச் செய்த கேம் என்றாலும் உள்ளே இருப்பது தெசுகாவின் மொத்த உலகம். (கதைப்படி ஆஸ்ட்ரோ பிறந்தது 2003 ஏப்ரல் 7, தொடரும் அந்த மாதம்தான் தொடங்கியது.)

திரையில் கூட்டம் அதிகமானால் படம் மெதுவாகும். அது கருவியின் கோளாறு இல்லை, கேமே அப்படித்தான்.

வாங்கும்போது செய்கிற தவறுகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ரோ பாய் என்ற பெயரைப் பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். 2004-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு சோனிக் டீம் செய்தது ஒன்று உண்டு, 2009 சினிமாவை ஒட்டி டிஎஸ், பிஎஸ்பி, வீ கருவிகள் எல்லாவற்றிலும் வந்தது இன்னொன்று. இரண்டும் இது இல்லை. டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் கீழே உள்ள பெரிய துளையில் இந்த கார்ட்ரிட்ஜ் ஓடும், டிஎஸ்ஐ-யிலிருந்து அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள், அதனால் கையிலிருக்கிற கருவி எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போலிகள்தான் பெரிய தொல்லை. நான் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய கார்ட்ரிட்ஜ் பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது, இரண்டு நாள் ஆசையாக விளையாடினேன், மூன்றாம் நாள் போட்டால் விளையாடியதன் பதிவு எதுவுமே இல்லை. காலப் பயணத்துக்கு நடுவே இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அசல் கார்ட்ரிட்ஜின் முன் ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு இலக்க எண் ஒன்று மையில்லாமல் லேசாக அழுத்திப் பதிந்திருப்பது தெரியும், சிலவற்றில் கூடவே ஓர் எழுத்தும் இருக்கும். கீழே தங்க நிறப் பற்கள் தெரிகிற இடத்தில் உற்றுப் பார்த்தால் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். இவை இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இரண்டும் இருந்தாலும் முதல் கட்டத்தை முடித்துப் பதிவு செய்து, அணைத்து, ஒரு நாள் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் விளையாடுவதெல்லாம் அதன் பிறகு.