மரச்சீனி மாவில் பிரேசில் தோசை

பிரேசிலுக்குப் போய்வரக் காசில்லை. நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் போய் 2 கிலோ மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வாங்கி வந்தேன்.

கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா இதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் வயிற்றை நிரப்பியது இதுதான். நாம் வேகவைத்து மசித்து மீன் குழம்போடு தின்கிறோம். வேட்டிக்குக் கஞ்சி போட நாம் எடுக்கும் மாவை பிரேசில்காரர்கள் கல்லில் தூவிச் சுடுகிறார்கள். பெயர் தாப்பியோக்கா, அங்குள்ள துப்பி (Tupi) என்ற பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்தது.

முதலில் மாவு. கெட்டியான உள்தோலையும் சேர்த்து உரித்துக் கழுவி, துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் பிழியுங்கள். பிழிந்த பாலை 5 மணி நேரம் ஆடாமல் வைத்தால் அடியில் மாவு இறுகிக் கிடக்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சைக் கிழங்கில் சயனைடு நச்சைத் தரும் பொருள் உண்டு, அது இந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. வழக்கம்போல மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

இனி வருவதுதான் என்னைக் கவிழ்த்த இடம். தோசைதானே என்று மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றினேன். சுவரொட்டி ஒட்டும் பசை கிடைத்தது. மறுபடி கரைத்தேன், கெட்டியான பசை கிடைத்தது. எட்டிப் பார்த்த அம்மா, "தோசைக்கா கரைக்கிய மக்ளே? புட்டுக்கு விரவுத மாதிரி விரவு" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ஈர மாவின் மேல் காய்ந்த துணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். பிறகு கட்டியை உடைத்து அரிப்பில் (சல்லடையில்) அரியுங்கள். கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். மிக்சியில் சுற்ற வேண்டாம், ஈர மாவு அடியில் ஒட்டிக்கொள்ளும்.

பழகிய இரும்புத் தோசைக்கல் போதும். நான்-ஸ்டிக்கும் சரிதான், எனக்கு அதன்மேல் மரியாதை இல்லை. எண்ணெய் கூடாது. சிறு தீயில் கல் சூடானதும் ஒரு சிட்டிகை உப்பு கலந்த மாவை அரை விரல் கனத்தில் தூவிப் பரப்பி, கரண்டியின் முதுகால் மெல்ல அமர்த்துங்கள். மாவிலுள்ள ஈரமே அதை வேக வைத்து ஒட்ட வைக்கும். 2 நிமிடத்தில் அடை போல ஒன்றாக நகரும். திருப்பி, இன்னொரு நிமிடம்.

அங்கே சீஸ், அல்லது தேங்காயும் கண்டென்ஸ்டு மில்க்கும் வைத்து மடிப்பார்கள். எனக்கு அந்த இனிப்பு திகட்டியது. தேங்காய்த் துருவல், நறுக்கிய மட்டி வாழைப்பழம், மேலே கொஞ்சம் மார்த்தாண்டம் தேன் போதும். சுடச்சுடத் தின்றுவிடுங்கள், ஆறினால் செருப்புத் தோல்தான்.

பின்னர் சேர்த்தது: ஜவ்வரிசியைப் பொடித்துச் செய்து வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வராது. அதுவும் மரச்சீனி மாவுதான், ஆனால் ஏற்கெனவே சூட்டில் பாதி வெந்தது, மறுபடி ஒட்டாது. கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவும் ஆகாது, அதில் நார் இருக்கும். கடையில் வாங்குவதானால் ஸ்டார்ச் என்று கேட்டு வாங்கி, கால் கிலோவுக்கு 100 மில்லி தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரவுங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம். கூடிப்போனால் முன்பு சொன்னபடி காய்ந்த துணியை மேலே போடுங்கள்.